சந்தேகத்துக்குத் தப்பிய ஒன்று

“நாட்டுத் தக்காளிங்க” என்றாள் கடைக்காரி. அவள் நெற்றிப்பட்டையில் 41 என்று எரிந்தது. பேராசிரியர் அறவாழி பேரம் பேசாமல் நகர்ந்தார்.

உறுதிமானி என்ற அந்தப் பட்டை வந்த இந்தப் பதினோரு வருடங்களில் கோவையில் யாரும் யாரையும் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. ஒருவர் தான் சொல்வதைத் தானே எவ்வளவு நம்புகிறார் என்பதை நெற்றிப்பட்டை நூற்றுக்கு இத்தனை என்று காட்டிவிடும். சொன்னது உண்மையா என்பது பட்டையின் கவலை இல்லை. ஆசிரியர்கள், அமைச்சர்கள், சோதிடர்கள் ஆகிய மூவருக்கு மட்டும் அதை அணிவதிலிருந்து சட்டப்படி விலக்கு.

கல்லூரியில் மாணவர்கள் அணிந்தார்கள். வகுப்பு முடிந்ததும் “புரிந்தது” என்று சொல்வார்கள். பட்டைகளின் சராசரி வாசல் பலகையில் ஏறும். ஐரோப்பாவின் தொடக்க நவீனத் தத்துவத்தை, அறிவு எது, கடவுள் எதற்கு என்ற விவகாரத்தை, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாக விளக்கிவரும் அறவாழியின் சராசரி 37. மூன்று வருடம் முன்பு வந்த குழந்தை தெரசாவுக்கு 94.

இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இவர் “புலனறிவின் மெய்ம்மை குறித்த முறைசார் ஐயவாதமானது” என்று தொடங்கினால் அந்தப் பக்கம் தெரசாவின் வகுப்பில் சிரிப்பு வெடிக்கும்.

“கல்யாண வீட்டுல பின்னாடியிருந்து பார்த்து, மாமான்னு தோளைத் தட்டுறீங்க. திரும்புனா வேற யாரோ. ஒரு தடவை ஏமாத்துன கண்ணை மறுபடி முழுசா நம்புவீங்களா? அந்தப் பிரெஞ்சுக்காரரும் அதான் கேட்டாரு. எல்லாத்தையும் சந்தேகப்பட்டாரு. சந்தேகப்படுற ஆளு ஒருத்தன் இருக்கானே, அதை மட்டும் சந்தேகப்பட முடியல. அதுக்கப்புறம் மிச்ச உலகத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போடக் கடவுளைக் கூப்பிட்டாரு. நூறு வருஷம் கழிச்சு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்து, அந்தக் கையெழுத்தை யாருய்யா பார்த்தீங்கன்னாரு!”

அறவாழி அந்தக் கல்யாண வீட்டைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அடித்துவிட்டு, ஓரத்தில் ‘கொச்சை’ என்று குறித்தார். எழுதும்போது பேனா முனை வளைந்துவிட்டது.

அந்த மாதம் துறைத்தலைவர் இருக்கை காலியானது. கல்லூரி முதல்வர் கொற்றவை விதியை வாசித்தார். இருவரும் முழு அரங்கில் ஒரே பாடத்தை நடத்த வேண்டும். சராசரி கூடியவருக்கே இருக்கை. வென்றவர் அந்தப் பாடத்தையே பருவத்துக்கு ஒருமுறை நடத்தி, அதே எண்ணைக் காட்ட வேண்டும். குறைந்தால் இருக்கை போய்விடும்.

தெரசா முதலில் நடத்தினார். வழக்கம்போல 94.

அறவாழி மேடையேறி, சட்டம் தந்த விலக்கைத் துறந்து, தானே பட்டையைக் கட்டிக்கொண்டார். அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. சந்தேகப்படுவதற்கு ஒரு மாதம் கண்ணாடி முன் பயிற்சி எடுத்திருந்தார்.

“இம்மேசை இருக்கிறது” என்றார். மேடைத் திரையில் 12.

“என் உடல் இருக்கிறது.” 9.

“கடவுள் இருக்கிறார்.” 3. கொற்றவை கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டார்.

“நான் இருக்கிறேன்!” என்று இரு கைகளையும் உயர்த்தினார். நூறு வர வேண்டிய இடம். 58 வந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஆதினி என்ற மாணவி எழுந்தாள். “ஏனுங்க சார், எல்லாமே போயிருச்சே. சந்தேகமே இல்லாம ஒண்ணாச்சும் மிச்சம் இருக்குதுங்களா? தெரசா மேடம் உங்களைவிட நல்லா நடத்துறாங்க, அதாச்சும்?”

“தெரசா என்னைவிட நன்றாக நடத்துகிறார் என்பது...”

‘அபத்தம்’ என்று முடிப்பதற்குள் திரையில் 100 எரிந்தது.

“அட, மேசையே ஆடிப்போச்சு, இது ஆடலியே!” என்றான் ஒருவன்.

“இதாண்டா அஸ்திவாரம்! எல்லாத்தையும் இடிச்சும் நிக்குது பாரு!”

அறவாழி தற்செயல் என்றார், கருவிக் கோளாறு என்றார். அந்த வாக்கியத்தை ஆறு முறை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். ஆறு முறையும் நூறு. பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சராசரி 99. கொற்றவை விதியை இரண்டு முறை படித்துவிட்டு இருக்கையை அறவாழிக்குக் கொடுத்தார்.

திங்களன்று தெரசா அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் அறவாழி.

“திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க சார். நீங்க ஜெயிச்சுட்டீங்க, இங்க எனக்கு என்ன வேலை?”

அறவாழி கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர் போய்விட்டால் யார் வருவார்கள்? யாரோ ஒரு சுமாரான ஆள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பே கேட்காது. அடுத்த பருவம் அந்த மேடையில் நிற்கும்போது நூறுக்கு எங்கே போவது?

“போகாதீங்க தெரசா. உங்களை மாதிரி நடத்த இந்த ஊர்ல ஆளே இல்ல.”

“பட்டையைப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

போட்டுக்கொண்டு சொன்னார். நூறு. தெரசா எண்ணைப் பார்த்துவிட்டுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

“சரி, இருக்கேன். பெட்டியை நீங்களே பிரிச்சு அடுக்குங்க.”

துறைத்தலைவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். ஒரு புத்தகத்தின் ஓரத்தில் தெரசா பென்சிலால் ஒரு உவமை எழுதியிருந்தார். நின்றபடி அதைப் படித்தார். புதியது, இரண்டே வரி, அற்புதமாக இருந்தது. அவருக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டார்.