மூச்சுப்படி

காலைச் சங்கு ஊதுவதற்குள் ஞானப்பிரகாசம் இரண்டு முறை கொட்டாவி விட்டுவிட்டான். தில்லைக்கரசிக்குக் கோபம் வந்தது.

"என்னங்க இது? ஒரு கொட்டாவிக்கு எத்தனை மூச்சு போகுதுன்னு தெரியாதா? தூக்கம் வந்தா தூங்குங்க, இப்படி ஊதாரித்தனம் பண்ணாதீங்க."

"நானா கூப்பிட்டேன் அதை?" என்றான் அவன். அதற்கும் கொஞ்சம் காற்று செலவாயிற்று.

நிலவின் தென்துருவத்தில், புதுப் படப்பைக் குடியிருப்பில், எல்லா வீடுகளிலும் காலைச் சண்டை இதுதான். அங்கே காற்று சும்மா கிடைப்பதில்லை. பள்ளங்களின் அடியில் உறைந்து கிடக்கும் பனிப்பாறையை வெட்டி, உருக்கி, நீரைப் பிரித்து உயிர்வளி எடுக்க வேண்டும். குடியிருப்பின் கூரைக்குள் நிரப்பியிருந்த பொதுக்காற்று மலையுச்சிக் காற்றைப் போல மெலிந்தது. அதை நம்பி உயிரோடு இருக்கலாம், உழைக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு காற்றுக்குடுவை. அதிலிருந்து மூக்கடிவரை ஒரு மெல்லிய குழாய். குடுவையின் மூடியில் ஒரு மூச்சுமானி. தினமும் காலையில் வரிசையில் நின்று குடுவையை நிரப்பிக்கொள்ள வேண்டும். வரிசையில் ஊர்வம்பு பேசுவதும் உண்டு. பேசுவதற்கான காற்று அவரவர் கணக்கு.

நிரப்பித் தருவது கம்பெனி. சம்பளம், பஞ்சப்படி, வீட்டுப்படி என்று பட்டியல் போட்ட பழைய வழக்கத்திலேயே இதற்கு மூச்சுப்படி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்துவிட்டால் நமக்கு எதுவும் பழகிவிடும்.

கம்பெனி செய்தது விண்கலக் கதவுகளுக்கான அடைப்பு வளையம். கதவின் விளிம்பில் அந்த வளையம் சரியாக உட்கார்ந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கேதான் வேலை. காற்று கசியாமல் காப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்று சூரியக் குடும்பம் முழுவதும் பெயர். தங்கள் காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று பார்க்க மட்டும் அவர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை.

தில்லைக்கரசி வார்ப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். சங்கத்தின் தலைவியும் அவள்தான். ஞானப்பிரகாசம் மெருகுப் பிரிவு. நிலவுத் தூசி அவன் நுரையீரலில் படிந்து பல வருடமாயிற்று. அதனால் மற்றவர்களைவிட அவனுக்குக் காற்று கூடுதலாக வேண்டும். ஆனால் குடியிருப்பிலேயே அதிகம் பேசுகிறவனும் அவன்தான். தெரிந்த கதை, தெரியாத கதை, பாதி தெரிந்த கதை எல்லாவற்றையும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வான். அவன் மேசையில் இடம் பிடிக்க ஆட்கள் போட்டி போடுவார்கள். கேட்பதற்குக் காற்று செலவில்லை.

ஒருநாள் மேலாளர் சுகிர்தன், தில்லைக்கரசியைத் தன் அறைக்கு அழைத்தார். மென்மையான மனிதர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் மென்மையாகிவிடும்.

"உக்காருங்க மேடம். தலைமையகத்துல ஒரு முடிவு எடுக்கப்போறாங்க. தொழிற்சாலையைப் பூமிக்கே கொண்டுபோயிடலாம்னு யோசிக்கிறாங்க. பழைய படப்பையில இருக்குற நம்ம கிளைக்கு."

"பூமிக்கா? எதுக்கு சார்?"

"அங்க காத்து இலவசம் மேடம். ஆளுங்களும் குறைஞ்ச கூலிக்கு வேலை பாக்குறாங்க. நீங்க மூச்சுப்படியில கால் பங்கு குறைச்சுக்கிட்டா நான் வாதாடிப் பார்ப்பேன். நம்ம வேலை நம்ம ஊர்லயே இருக்கணும்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். நானும் உங்கள்ல ஒருத்தன்தானே?"

கால் பங்கு. தில்லைக்கரசி கணவனின் நெஞ்சை நினைத்துக்கொண்டாள். மேசையைத் தட்டினாள், சத்தம் போட்டாள், சட்டம் பேசினாள். அவள் முடிக்கும்வரை சுகிர்தன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க இஷ்டம்," என்றார்.

சங்கத்தின் பேரவைக் கூட்டம் உணவுக்கூடத்தில் நடந்தது. புதுப் படப்பைக்காரர்களில் பூமியில் கால் வைத்தவர் எவருமில்லை. ஆனாலும் பூமிக்காரனைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"அவனுக்கு மானம் ஏது? நம்மளவிட ஆறு மடங்கு எடையைச் சுமந்துக்கிட்டு நாள் முழுக்க நிப்பான்," என்றார் சங்கப் பொருளாளர் பரஞ்சோதி.

"வேர்த்து ஊத்துமாம். அப்பவும் வாயைத் திறக்க மாட்டானாம்!"

"காத்து சும்மா கிடைக்குதுல்ல, அந்தத் திமிரு."

அவர்கள் எல்லோருடைய தாத்தாவும் பூட்டனும் பழைய படப்பையிலிருந்து வந்தவர்கள்தான். அதை அன்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் ஞானப்பிரகாசம் எழுந்தான். "காத்தைக் கொடுத்து வேலையை வாங்குறோம். வேலையைச் செஞ்சு காத்தை வாங்குறோம். இதுல நமக்குன்னு நடுவுல மிஞ்சுறது என்ன? இன்னைக்குக் கால் பங்கு கேக்குறாங்க. நாளைக்கு அரைப் பங்கு கேப்பாங்க. அப்ப எதிர்த்துப் பேச நம்மகிட்ட மூச்சு இருக்காது. அதனால இப்பவே, மூச்சு இருக்கும்போதே…"

அவன் இடுப்பில் குடுவை கீச்சிட்டது. மானியில் சிவப்பு. விதிப்படி, குடுவை கீச்சிட்டால் உடனே உட்கார்ந்து வாயை மூட வேண்டும். அப்படி உட்காரச் சொல்ல வேண்டியவர் கூட்டத் தலைவர்.

"உக்காருங்க," என்றாள் தில்லைக்கரசி.

அவன் உட்கார்ந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் சொல்ல வந்ததற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் கூட்டம் அதிலிருந்து வேறு பாடம் கற்றது.

"பார்த்தீங்களா? பேச்சைக் குறைச்சாலே போதும், கால் பங்கு மிச்சம்," என்றார் பரஞ்சோதி.

தலைவி என்ற முறையில் தில்லைக்கரசி இரண்டு பக்கமும் பேசிவிட்டு, "வேலை போயிட்டா கால் பங்கு இல்ல, முழுக் குடுவையும் போயிடும்," என்று முடித்தாள். கைகளை உயர்த்தி வாக்களித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஞானப்பிரகாசத்தின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அவன் மனைவியைக் குற்றம் சாட்டுவதுபோலப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குறைந்த காற்று மெல்ல மெல்ல ஊரை மாற்றியது. தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக என்ற முழக்கம் முதலில் ஒற்றுமை ஓங்குக என்றாயிற்று. பிறகு வெறும் ஓங்குக. ஒரு கல்யாணத்தில் நாயனக்காரர் தாலி கட்டும் நேரத்தில் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மிச்சத்தைத் தவில்காரர் சமாளித்தார். நகைச்சுவை சொல்கிறவர்களை மக்கள் தவிர்க்கத் தொடங்கினார்கள். ஆனாலும் எல்லோருக்கும் பெருமைதான். 'நம்ம வேலை நம்ம ஊர்லயே இருக்கு' என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். வாயால் சொல்வதைவிட அது சிக்கனம்.

ஞானப்பிரகாசம் கதை சொல்வதை நிறுத்திவிட்டான். கேட்டால் தலையசைப்பான். வேண்டும் என்பதற்கு ஒரு விரல், வேண்டாம் என்பதற்கு இரண்டு. இத்தனை வருடமாக, "கொஞ்சம் வாயை மூடுங்களேன்," என்று அவனைக் கெஞ்சியவள் தில்லைக்கரசி. இப்போது சாப்பிடும்போது அவன் மெல்லும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

ஒரு விடுமுறை நாள் மதியம் சங்க அலுவலகத்துக்குப் பூமியிலிருந்து அழைப்பு வந்தது. தில்லைக்கரசி எடுத்தாள். ஞானப்பிரகாசம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"வணக்கம்மா. நான் முனிரத்தினம். பழைய படப்பையில சங்கத் தலைவரு. உங்க கால்ல வுழுந்து கேக்கறேன், எங்க வேலைய மேல தூக்கிக்கினு போயிடாதீங்க."

பூமிக்கும் நிலவுக்கும் இடையே குரல் போய்ச்சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அதனால் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு முறை கேட்க அவளுக்கு அவகாசம் இருந்தது. அப்போதும் புரியவில்லை.

"நாங்களா? எங்க வேலையைத் தூக்கிட்டுப் போறது நீங்கதானே அண்ணே!"

"இன்னாம்மா சொல்றே?"

"நீங்க குறைஞ்ச கூலிக்கு வர்றீங்கன்னு சொல்லி எங்க காத்துல கால் பங்கை எடுத்துட்டாங்க."



"நாங்க ஃபேனை நிறுத்திக்கினோம்மா," என்றார் முனிரத்தினம். "மே மாசத்துல தகரக் கூரைக்கடியில வெந்துக்கினு கீறோம். நேத்து ஒருத்தன் மயங்கி வுழுந்துட்டான். மேல கீறவங்களுக்கு எடையே இல்ல, களைப்பே வராது, கொசு கெடையாது, சொந்தக்காரன் கல்யாணம்னு லீவு கேக்க மாட்டாங்கன்னு சொன்னாரு."

"யார் சொன்னது?"

"மேனேஜரு. சுகிர்தன் சாரு. ஸ்கிரீன்லதான் வருவாரு. நம்ம வேலை நம்ம ஊர்லயே இருக்கணும்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்…"

"நானும் உங்கள்ல ஒருத்தன்தானே," என்று அவள் முடித்தாள். செலவைக் குறைக்கக் கம்பெனி இரண்டு தொழிற்சாலைகளுக்கும் ஒரே மேலாளரை வைத்திருந்தது என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

ஞானப்பிரகாசம் கையை நீட்டிக் கருவியை வாங்கிக்கொண்டான். பல வாரங்களாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் வெளியே வந்தது.

"அண்ணே, ஒரே நாள்ல ரெண்டு இடத்துலயும் வேலையை நிறுத்துவோம். வேலையை எங்க கொண்டுபோவாங்க? நடுவானத்துலயா? எங்க காத்து திரும்பி வரணும், உங்க ஃபேன் திரும்பி ஓடணும். அதுவரைக்கும் ஒரு வளையம்கூட வெளிய போகக்கூடாது."

மறுமுனையில் முனிரத்தினம் அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. "எங்க அப்பாவோட சித்தப்பா ஒருத்தரு மேலதான் வந்தாரு தம்பி. நீங்க எனக்குச் சொந்தமாக்கூட இருக்கலாம்," என்றார். சத்தியம் செய்துகொண்டார்கள். அன்று மாலை தில்லைக்கரசி தன் குடுவையிலிருந்து கொஞ்சம் கணவன் குடுவைக்கு மாற்றிவிட்டு, "ஒரு கதை சொல்லுங்க," என்றாள். சொன்னான்.

இரண்டு சங்கங்களும் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தன. ஊர் துள்ளியது. நாள் நெருங்க நெருங்கத் துள்ளல் அடங்கியது.

"நம்புறது நல்லதுதான் அக்கா," என்றார் பரஞ்சோதி. "ஆனா நாம நிறுத்தி, அவன் நிறுத்தலைன்னா? மொத்த வேலையும் கீழ போயிடும். பூமிக்காரன் அப்படிப்பட்ட ஆளு."

"சத்தியம் பண்ணியிருக்காரு."

"நாமளும்தான் பண்ணோம். ஒரு பேச்சுக்குச் சொல்றேன்: சார்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லி வச்சா தப்பா? ஸ்ட்ரைக்கும் இருக்கட்டும். இதுவும் ஒரு பாதுகாப்புக்கு."

செயற்குழுவில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் மறுக்கவில்லை. தில்லைக்கரசி கோபமாக எழுந்து போனாள். ஆனால் அந்தச் சொல் அவளோடு வந்தது. முனிரத்தினத்தின் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நல்ல குரல்தான். ஆனால் சுகிர்தனுடைய குரலும் நல்ல குரல்தானே?

வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் மதியம், கணவனிடம் சொல்லாமல் மேலாளர் அறைக்குப் போனாள். கதவைத் திறந்தபோதே பேசத் தொடங்கிவிட்டாள். நின்று யோசித்தால் திரும்பிவிடுவோம் என்ற பயம்.

"சார், ஸ்ட்ரைக் நடக்கும். அது வேற. ஆனா ஒருவேளை கீழ நடக்கலைன்னா, நாங்க இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கத் தயார்…"

சுகிர்தன் அவளைப் பார்க்கவில்லை. சுவர்த்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நரைத்த மீசையும் வியர்வையுமாக ஒரு முகம் பேசிக்கொண்டிருந்தது. "…ஞாயித்துக்கெழமையும் வர்றோம் சார். மேல ஸ்ட்ரைக்கு பண்ணாங்கன்னா அந்த வேலையையும் நாங்களே சேத்துப் பாத்துக்கறோம். அந்தம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்…"

அவள் வந்து நின்ற காட்சி இன்னும் பூமிக்குப் போய்ச் சேரவில்லை. முனிரத்தினம் மேலும் சில சொற்கள் பேசினார். பிறகு அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவள் சொன்னதும் அவருக்குக் கேட்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் கோபப்பட உரிமை இல்லாமல் போயிற்று.

சுகிர்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் குரலில் முதன்முறையாக மென்மை இல்லை.

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா நீங்க ரெண்டு பேரும்? ரெண்டு இடத்துலயும் ஒரே நாள்ல ஸ்ட்ரைக்குன்னதும் தலைமையகம் பயந்துடுச்சு. எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடலாம்னு இன்னைக்குக் காலையிலதான் முடிவு பண்ணாங்க. சாயங்காலம் அறிவிக்கச் சொன்னாங்க."

தில்லைக்கரசி அவர் மேசையருகே போனாள். "அப்ப அறிவிச்சிடுங்க சார். நாங்க வந்ததை மறந்துடுங்க."

"இந்த லைன்ல பேசுறது முழுக்க தலைமையகத்துக்கும் கேக்கும் மேடம். கேட்டிருப்பாங்க." அவர் தன் இடுப்புக் குடுவையைத் தட்டிக் காட்டினார். மானி பாதிக்கும் கீழே நின்றது. "என் மூச்சுப்படியும்தான் போன மாசம் குறைச்சாங்க. என் இடத்துக்குப் பூமியில ஆள் தயாரா இருக்காருன்னாங்க, ஒத்துக்கிட்டேன். உங்களால எனக்கும் திரும்பக் கிடைச்சிருக்கும்."

இணைப்பு அறுந்தது.

வெளியே செயற்குழு முழுவதும் காத்திருந்தது. விஷயம் எப்படியோ பரவி, ஊரில் பாதியும் வந்திருந்தது. கடைசி வரிசையில் ஞானப்பிரகாசம் நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ விளங்கிவிட்டது. முன்னால் வராமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்ன அக்கா ஆச்சு?" என்றார் பரஞ்சோதி. காற்று மிச்சமாகட்டும் என்று நேரடியாகவே கேட்டார். "அந்தப் பூமிக்காரன் முந்திக்கிட்டானா?"

உண்மையைச் சொல்ல எத்தனை மூச்சு ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அது தன்னிடம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"இல்ல," என்றாள். "நாமதான் முந்துனோம்."

கூட்டம் ஆரவாரித்தது. நிலவில் ஒருவரைத் தோளில் தூக்குவது சிரமமில்லை. பரஞ்சோதி ஒருவரே அவளைத் தூக்கிவிட்டார். அதே நேரத்தில் பழைய படப்பையில், அதே பதிலைச் சொன்ன முனிரத்தினத்தையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதற்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள்.