பேய்த்தலைப் பாரில் தொங்கிய மணி

"ஏட்டி ஜெசிந்தா, மணி கெடைக்கலைன்னா இனிமே ஊருக்குள்ள உங்கப்பன் பேரை எடுக்கவே கூடாது. சம்மதமா?"

படகில் கால் வைப்பதற்கு முன்பே கஸ்பார் ஆரம்பித்துவிட்டான்.

"சம்மதம். கெடைச்சா?"

"ஊர் நடுவுல நின்னு, எங்கப்பா சொன்னது பொய்னு நானே சொல்லுதேன். போதுமா?"

"ஏறுலே! கடல்ல போயி பேசிக்கலாம்."

இப்படியொரு பயணத்தை எந்தப் படகாவது கண்டிருக்குமா? ஏறியவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது!

ஜெசிந்தாவின் அப்பா சந்தியாகு, சரக்குத் தோணி ஒன்றின் தண்டல். தோணிக்காரர்கள் கேப்டனை அப்படித்தான் சொல்வார்கள். கொழும்பிலிருந்து கோயிலுக்கு வெண்கல மணி கொண்டுவரப் போன தோணி புயலில் மூழ்கியது. தண்டலும் அதோடு போனார். நீந்தித் தப்பிய கஸ்பாரின் அப்பா, "மணி தோணியில ஏறவே இல்ல. தண்டல் கொழும்புலயே வித்துட்டாரு" என்று ஊரில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெசிந்தா திருடன் மகள். கல்யாண வீட்டில்கூட அவளுக்கு அந்தப் பெயர்தான்.

சமீபத்தில் பேய்த்தலைப் பார் என்னும் கடலடிப் பாறைத் திட்டில் ஒரு மீன்வலையில் பலகை சிக்கியது. அதில் அப்பாவின் தோணிப் பெயர்! ஜெசிந்தா இன்ஜினும் பொருத்திய தன் சிறிய பாய்மரப் படகைத் தயார் செய்தாள். ஆனால் ஊரார் விடுவார்களா? "நீயே ஒரு மணியை வாங்கிட்டு வந்து காட்டினா?" என்றார்கள். அதனால்தான் சாட்சிக்குக் கஸ்பார். மூன்றாவது ஆள் கீழக்கரை நைனா காக்கா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சங்கு குளிப்பதில் கெட்டிக்காரர். இந்த இருவருக்கும் நடுவில் உட்காருவதைவிடச் சுறாவோடு நீந்தலாம் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பேய்த்தலைப் பார் நல்ல இடமில்லை. தண்ணீருக்குச் சற்றுக் கீழே கூரிய பாறைகள். அலை விலகும்போது அவை தலையை நீட்டும், உடனே மறையும். பாருக்கு முன்னால் நங்கூரம் போட்டார்கள். காக்கா குதித்தார். மூன்றாம் முறை மேலே வந்தபோது கத்தினார்:

"தங்கச்சி! இருக்கு! சேத்துல பாதி புதைஞ்சு கெடக்கு. கயிறு கட்டிட்டேன்!"

ஜெசிந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கஸ்பார் மட்டும், "கண்ணால பாக்காம நம்ப மாட்டேன்" என்றான்.

படகின் முன்பக்கத்தில், சங்கிலியைச் சுருட்டி நங்கூரம் தூக்கும் மின்சார விஞ்ச் இருந்தது. ஆள்பலம் இல்லாத குறையைத் தீர்க்க அவளே பொருத்தியது. காலால் பொத்தானை அழுத்தினால் போதும், சுற்ற ஆரம்பிக்கும். ஆனால் மின்சாரத்தைத் தண்ணீராகக் குடிக்கும். அதனால்தான் விஞ்சுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பேட்டரி. இன்ஜின் ஓடினால் அது வற்ற வற்ற நிரம்பிக்கொண்டிருக்கும். மணி கனமானது என்று, இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியையும் அவள் அதோடு சேர்த்துவிட்டாள். நங்கூரச் சங்கிலியை விஞ்சிலிருந்து கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். மணிக் கயிற்றை விஞ்சில் சுற்றினாள்.

"காக்கா மேல வந்துட்டாரு. இன்ஜினை நியூட்ரல்ல ஓட விடு!" என்றாள் கஸ்பாரிடம். ஏன் என்று சொல்லவில்லை. எதிரிக்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா என்ன?

விஞ்ச் உறுமியது. மணி சேற்றைவிட்டுக் கிளம்பியது. ஜெசிந்தாவின் காதில் விழுந்ததெல்லாம் விஞ்சின் சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் அந்த உறுமல் முனகலாயிற்று. பிறகு அதுவும் நின்றது! மணி நடுத் தண்ணீரில் தொங்கியது.

திரும்பிப் பார்த்தாள். இன்ஜின் ஓடவில்லை!

"எவம்லே இன்ஜினை நிறுத்துனது?"

"நாந்தான். கயிறு தண்ணியில கெடக்கும்போது எந்தத் தோணிக்காரன் இன்ஜின் ஓட்டுவான்? அடியில சுழலுற காத்தாடியில சுத்திக்கிட்டா என்ன செய்வ?"

தோணியில் அதுதான் சட்டம். நங்கூரக் கயிறு தூக்கும்போது இன்ஜின் மூச்சுவிடக் கூடாது. கஸ்பாரின் கை பழக்கத்தில் போய் நிறுத்திவிட்டது.

"பாவி! அது ஓடினாத்தான்லே பேட்டரி நிக்கும்!"

"அதை வாயத் தொறந்து சொன்னியா நீ?"

ஜெசிந்தா இன்ஜினிடம் ஓடினாள். சாவியைத் திருப்பினாள். டிக் என்றது, அவ்வளவுதான். இரண்டு பேட்டரியும் காலி!

அந்த நேரம் பார்த்துத் தென்மேற்கில் வானம் கறுத்தது. காற்று ஓங்கி அறைந்தது. படகு பாரை நோக்கி இழுபட்டது. நங்கூரம் சேற்றில் வழுக்கத் தொடங்கியது.

"பார் கிட்ட வருது!" என்று காக்கா அலறினார்.

பாரத்தைக் குறைக்க, கஸ்பார் கத்தியை உருவிக்கொண்டு மணிக் கயிற்றிடம் பாய்ந்தான்.

"அறுப்பியா? அறு! உங்கப்பன் பொய் தப்பிச்சிடும்லா!" என்று ஜெசிந்தா சீறினாள்.

கஸ்பாரின் கை நின்றது. முகம் சிவந்தது. கத்தியை இடுப்பில் செருகினான்.

"சாவுற வரைக்கும் உன்கிட்ட இந்தப் பேச்சு கேக்க என்னால முடியாது. விஞ்சுலேருந்து கயிறைக் கழட்டு!"

மணிக் கயிற்றைப் படகின் முன்பக்க மரக்குற்றியில் சுற்றி இறுக்கினான். இப்போது பாரம் படகின் மேல், விஞ்சின் மேல் இல்லை.

"ஓய்வு குடுத்தா பேட்டரி கொஞ்சம் உயிர் பிடிக்குமா?"

"கொஞ்சம் பிடிக்கும். ஆனா இழுபட்டு நிக்கிற சங்கிலிய அசைக்காது."

"இழுபடாத சங்கிலிய?"

ஜெசிந்தாவுக்குப் பளிச்சென்று புரிந்தது. சங்கிலியை மறுபடி விஞ்சில் மாட்டினாள். பாய் ஏறியது! கஸ்பார் சுக்கானைப் பிடித்துக் காற்றுக்குக் குறுக்காகப் படகை வளைத்து வளைத்து ஓட்டினான். படகு நங்கூரத்தை நோக்கி முன்னேறும்போதெல்லாம் சங்கிலி தொய்ந்தது.

"இப்போ!" என்று கத்துவான் கஸ்பார். ஜெசிந்தா பொத்தானைத் தட்டுவாள். விஞ்ச் தொய்வை மட்டும் சுருட்டும். உடனே காலை எடுப்பாள். காக்கா சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவார். மறுபடி வளைப்பு. "இப்போ!" பின்னால் பாறைகள் நுரை கக்கின. படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வந்ததும் விஞ்ச் அடியோடு அடங்கிவிட்டது.

"கொக்கியில மாட்டிட்டு விலகுங்க! படகே நங்கூரத்தைப் பிடுங்கும்!" என்று கஸ்பார் கத்தினான்.

ஓர் அலை படகைத் தூக்கியது. சங்கிலி விறைத்தது. படீர்! நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். பேய்த்தலைப் பார் பின்னால் போயிற்று, வெறுங்கையோடு!

அடியில் மணி தொங்க, பாய் விரித்தே கரை சேர்ந்தார்கள். ஊரே திரண்டு கடலில் இறங்கி மணியைத் தூக்கியது. சிப்பி ஒட்டிய வெண்கலத்தில் கோயிலின் பெயர் தெளிவாக இருந்தது. கூட்டத்தில் கஸ்பாரின் அப்பாவும் நின்றார். கஸ்பார் அவரைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"மணி தோணியிலதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். எங்கப்பா சொன்னது பொய். சந்தியாகு தண்டல் திருடன் இல்ல!"

கிழவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "தண்டலை விட்டுட்டு மொதல்ல குதிச்சவன் நாந்தான்யா. அதை மறைக்கத்தான்…" என்றார்.

மணிக்கு நாக்கு இல்லை, உப்பு தின்றுவிட்டது. ஜெசிந்தா படகிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்து ஓங்கி அடித்தாள். ணங்! அப்பாவுக்கு ஊர் அடிக்காத துக்க மணி அது. அவள் வாய்விட்டு அழுதாள்.

கஸ்பார் தள்ளி நின்றான். "இனி உன் படகுல ஏற மாட்டேன்" என்றான்.

"ஏறினா, எதுக்கு எதைச் செய்யச் சொல்லுதேன்னு காரணமும் சேத்தே சொல்லுதேன்" என்ற ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரும்புக் கம்பியை அவனிடம் நீட்டினாள். "நீயும் ஒண்ணு அடி."

அவன் வாங்கினான். அடித்தான்.