நாலு மணிக்கு அறுந்த இணைப்பு

2006 மே 15, திங்கட்கிழமை. பிற்பகல் 4.01.

திரையில் தெரிந்த முகம் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றது. பிறகு அதுவும் போயிற்று. இணையப் பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு சிவப்பாக மாறியது.

"போச்சு சேர்!" என்று தலையில் கைவைத்தாள் ஜெயந்தினி.

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடித்துக் கணினி அறையாக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜெயந்தினிதான் பொறுப்பாளர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வருகிற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் ஒன்பது தாய்மார் அங்கே ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். இங்கே அவர்களுடைய பிள்ளைகள் இந்தத் திரையில் அம்மாவைப் பார்ப்பார்கள். ஏற்பாடு செய்த சங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் சோதனை ஒழுங்காக ஓடவேண்டும். ஓடாவிட்டால் மண்டபமும் நேரமும் வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

சோதிக்க வந்தவர் இரகுநாதன். பதுளையில் வேலை, ஊர் யாழ்ப்பாணம். மனைவியும் மகள் துவாரகாவும் டொரோண்டோவில். போன மாதம் மகளின் பிறந்தநாளன்று, மெழுகுதிரியை ஊதக் குனிந்தவள் அப்படியே திரையில் உறைந்து போனாள். அவள் நிமிர்ந்ததை அவர் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து சோதனை விஷயத்தில் மனிதர் பிடிவாதக்காரராகிவிட்டார். நிகழ்ச்சி எந்த நேரமோ அதே நேரத்தில், அத்தனை பேரையும் உட்காரவைத்துத்தான் பார்ப்பார். காலையில் ஓடுகிற லைனை அவர் ஒருபோதும் நம்பமாட்டார்.

அன்று பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கடிகாரத்தைத் திருத்தினார். ஏப்ரலில் நாடு முழுக்க மணியை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதைப் பெட்டி அறிந்திருக்கவில்லை. மூன்றரைக்குக் கீழே, பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் மணி அடித்தது. நிறுவைக்குப் பெண்கள் கூடைகளோடு இறங்கிப் போனார்கள். பிறகு, மறுமுனையில் சங்கத்து ஆள் ஒருவர் பேச, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கமெரா முன் உட்காரவைத்தார்கள். நிறுவை முடிந்ததும் ஜன்னலோரம் வந்து நின்ற ஒருவர், "படம் ரொம்பத் தெளிவா விழுமாங்க ஐயா?" என்று கேட்டார். மடுவத்தில் நிறுத்துச் சீட்டு எழுதும் வீரசிங்கம். மனைவி ஜெயலெட்சுமி குவைத்துக்குப் போய் நாலு வருடம்.

"பல்லு எத்தினை எண்டு எண்ணலாம்," என்று சிரித்தார் இரகுநாதன்.

"எங்க லதுஷாவ கடைசியா போடுங்க," என்றுவிட்டு அவர் போய்விட்டார். ஒன்பது வயது லதுஷா துப்பட்டாவை இடது கன்னம் மறையப் போட்டு, பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வருமுன் இணைப்பு அறுந்தது. இருபது நிமிடத்தில் தானாகவே திரும்பி வந்தது.

செவ்வாய், 4.02. மறுபடியும் அதே கதை.

புதன்கிழமை இரகுநாதன் ஒரு காரியம் செய்தார். யாருக்கும் சொல்லாமல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் சோதித்தார். லைன் பிசகாமல் ஓடியது. பலகையில் எழுதிப்போட்டிருந்த நாலு மணிச் சோதனையோ 4.01க்கு விழுந்தது.

"மழையும் இல்ல, மின்னலும் இல்ல," என்றாள் ஜெயந்தினி.

"மின்னல் அறிவித்தல் பலகை வாசிக்காது பிள்ளை. இது மனிசன்ர வேலை."

அறையிலிருந்து போகும் லைன் கம்பியைப் பின்தொடர்ந்து சரிவில் இறங்கினார் இரகுநாதன். மடுவத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு கம்பம். அதில் சின்னப் பெட்டி. உள்ளே கம்பியை யாரோ கழற்றி, திரும்பவும் பக்குவமாக முறுக்கிப் பூட்டியிருந்தார்கள். வெள்ளைக் கம்பியின் மேல் நீலமாக விரல் அடையாளம். கார்பன் தாளின் நீலம்.

அந்தத் தோட்டத்தைச் சுற்றி நாள்தோறும் கார்பன் தாள் பிடிக்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர், சந்தியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் மொஹிதீன். பில் எழுதி எழுதி அவர் விரல் எப்போதும் நீலம். மற்றவர் வீரசிங்கம்.

புதன், 5.10. சந்திக்கடை.

"நாலு மணிக்கு எங்க நிண்டனீங்கள்?"

"கடையிலதான் சேர். இதப் பாருங்க." மொஹிதீன் நீட்டிய மூன்று நாள் சீட்டுகளிலும் தொலைபேசி மெஷினே நேரம் அடித்திருந்தது: 4.00, 4.03, 4.01. "யாவாரம் கொஞ்சம் கொறயும்தான். அதுக்காக அறுப்பேனா? அந்தப் புள்ளகளுக்கு உம்மாட மொகத்தப் பாக்கக் கெடச்சா நல்லந்தானே."

"லதுஷா ஞாயிற்றுக்கிழமையில இஞ்ச வாறவளாம். தனிய என்னத்துக்கு?"

மொஹிதீனின் முகம் மாறிவிட்டது. "அது அந்தப் புள்ளட விஷயம் சேர். என்னயக் கேக்காதீங்க."

புதன், 5.40. தொழிலாளர் குடியிருக்கும் லயம். விசாரித்த எட்டுப் பெண்களும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். "நாலு மணி நிறுவையில வீரசிங்கண்ணே எங்க முன்னாலதாங்க நின்னாரு. மூணு நாளும்!"

ஒருவருக்கு மெஷின் சாட்சி, மற்றவருக்கு எட்டு வாய்ச் சாட்சி. இரகுநாதன் அன்று பதுளைக்குப் போகும் பஸ்ஸில் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

வியாழன். கடைசி நாள். அறை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரின் காதில் மடுவத்து மணி விழுந்தது. எண்ணிக்கொண்டே இருந்தார். நாலு அடி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஜெயந்தினி, மடுவத்து மணிக்கூட்டை ஒருத்தரும் திருத்தயில்லையா?"

"தோட்டத்துக்குப் பழைய மணிதான் சேர். மாத்தினா சீக்கிரமே இருட்டின மாதிரி இருக்காம். டவுனுக்குத்தான் புது மணி."

3.55. கம்பத்தருகே தேயிலைச் செடிகளுக்கு இடையில் வீரசிங்கம் வந்து நின்றார். கையில் பேனாக்கத்தி. பெட்டியின் மூடியைத் திறந்த பிறகுதான் பின்னால் நின்றவரைக் கண்டார்.

"நீங்கள்தான் வீரசிங்கம்," என்றார் இரகுநாதன். குரலை உயர்த்தவில்லை. "நீல விரல் ரெண்டு பேருக்கு. மொஹிதீன்ர சீட்டில மெஷின் நேரம், அது புது மணி. உங்களுக்கு எட்டுப் பேர் சாட்சி. அவை பொய் சொல்லயில்லை. மடுவத்தில நாலு மணியெண்டால் என்ர மணிக்கூட்டில மூண்டரை. நான் அதை முதல் நாளே கேட்டும் கவனிக்கயில்லை. நிறுவை முடிஞ்சு இஞ்ச வர உங்களுக்கு நேரம் தாராளம். இன்னொண்டு. கம்பியை அறுத்திருந்தால் லைன் ஒரு மாசத்துக்கு வராது. நீங்கள் கழட்டித் திரும்பப் பூட்டியிருக்கிறீங்கள். பிள்ளையள் படிக்கிற லைன் சாகக் கூடாது, வெள்ளிக்கிழமை மட்டும் நடக்கக் கூடாது. ஏன்?"

வீரசிங்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"புள்ள மூஞ்சிங்க ஐயா. ரெண்டு வருசத்துக்கு முன்ன குப்பி லாம்பு கவுந்து இடது கன்னம் வெந்துபோச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அசந்து தூங்கிட்டேன். அவ அம்மாவுக்கு இன்னும் சொல்லல. சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாரப் பாப்பா. பாஸ்போட்டு அங்க வீட்டு மொதலாளி கையில இருக்கு, ஒப்பந்தம் முடிய எட்டு மாசம் கெடக்கு. போன்ல பேசறப்ப குரல்தானே கேக்குது, சமாளிச்சிட்டேன். இது மூஞ்சியக் காட்டுதே." பேனாக்கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் அவளப் பாக்கணும் ஐயா. நாலு வருசம். கமெரா கண்டுபுடிச்சவன் ஒரு பக்கம் மட்டும் தெரியிற மாதிரி கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா?"

இரகுநாதனுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உறைந்துபோன மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"நான் ஆருக்கும் சொல்லமாட்டன். ஆனால் மிச்ச எட்டுப் பிள்ளையளும் காத்திருக்குதுகள். லதுஷா வரவேணுமா வேண்டாமா எண்டு அவளிட்டையே கேளுங்கோ. முகம் அவளின்ர."

வீரசிங்கம் பேனாக்கத்தியை மடித்து அவர் கையில் கொடுத்தார். அன்று நாலு மணிக்குப் பச்சை விளக்கு கண்ணிமைக்கவில்லை.

மே 19, வெள்ளிக்கிழமை. 4.00.

ஒவ்வொரு பிள்ளையாக அம்மாவைப் பார்த்து எழுந்தார்கள். அறைக்குள் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகவே கேட்டன. 4.38க்கு லதுஷாவின் முறை. நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். துப்பட்டாவைத் தானே இழுத்துக் கீழே போட்டாள். பின்னால் நின்ற வீரசிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கன்னம் நல்லா ஆறியிருக்கே கண்ணு," என்றாள் திரையில் இருந்த ஜெயலெட்சுமி. "வெயில்ல போறப்ப எண்ணெ தடவிக்கிறியா?"

வீரசிங்கம் கண்ணைத் திறந்தார்.

"அம்மாகிட்ட போன வருசமே சொல்லிட்டேம்ப்பா," என்றாள் லதுஷா திரும்பாமலே. "மொஹிதீன் மாமா கடையில இருந்து. அம்மாதான் ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா நீங்க இன்னும் நொந்துபோவீங்கன்னுதான் காட்டிக்கல," என்றாள் ஜெயலெட்சுமி. அதுவரை திடமாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "புள்ளைக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க ஏன் இப்படி ஆகிட்டீங்க? தலையெல்லாம் வெளுத்துப்போச்சே. கிட்ட வாங்க. இன்னும் கிட்ட."

அவர் கிட்டப் போனார். திரை சட்டென்று இருண்டது.

"போச்சு சேர்!" என்று அலறினாள் ஜெயந்தினி.

இரகுநாதன் பெட்டியைப் பார்த்தார். விளக்கு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. திரையை உற்றுப் பார்த்தார். இருட்டின் ஓரத்தில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது.

"லைன் போகயில்லை பிள்ளை," என்றார். "அவ அங்க கமெராவில கை வைச்சிருக்கிறா."

வீரசிங்கமும் திரையில் கையை வைத்தார்.