இரோஹாவின் வெள்ளரிக்காய்

கோடை விடுமுறைக்கு முன்பு எங்கள் தெருப் பிள்ளைகளின் பெயரை வெள்ளரிக்காயில் எழுதிக் கால்வாயில் விடுவார்கள். காப்பா என்கிற நீர்ப்பூதத்துக்கு. சிறுபிள்ளை உயரம்தான் இருக்கும். உச்சந்தலைக் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். குளிக்கிற பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்கும். காயை வாங்கிக்கொண்டால் பிள்ளையை விட்டுவிடும் என்பார்கள்.

கடல் கடந்து வந்து இந்த ஊரில் பதினோரு வருடம் குப்பை கொட்டியபின், இந்த வருடம்தான் தெருச் சங்கம் என்னை நம்பி அந்த வேலையைக் கொடுத்தது. கூடையோடு மதகுக்கு வந்தபோது மண்டையைப் பிளக்கும் வெயில். பதின்மூன்று காய்களை விட்டேன். கடைசிக் காயைத் தின்றுவிட்டேன்.

தாகம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. இவர்களுடைய நம்பிக்கைகளின் மேல் எனக்கு உள்ளுக்குள் எப்போதும் ஒரு நக்கல் உண்டு. காயில் மையால் எழுதியிருந்த பெயர் இரோஹா, அடுத்த வீட்டு மிசுஹோவின் ஏழு வயது மகள். படித்துவிட்டுத்தான் கடித்தேன்.

அன்று மாலை மிசுஹோ வாசலில் குனிந்து எனக்கு நன்றி சொன்னாள். எல்லாவற்றையும் விட்டாயிற்று என்று நானும் கூசாமல் குனிந்தேன்.

நான்காம் நாள் இரோஹா செருப்பு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தாள். கால்வாயிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாளாம். மிசுஹோ இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் ஒரு காய் வாங்கி, அவள் பெயரை எழுதி, மதகடியில் விட்டேன்.

அது போகவில்லை.

ஓடுகிற தண்ணீரில் அப்படியே நின்றது. சேற்று வாடை அடித்தது. கத்திக்கொண்டிருந்த தவளைகள் மொத்தமாக அடங்கின.

அடியிலிருந்து ஏதோ அந்தக் காயை மெல்ல என் பக்கம் தள்ளியது.

மறுநாள் இரோஹாவின் கணுக்காலில் நான்கு விரல்களின் தடம் கன்றிப்போயிருந்தது. சிராய்ப்பு என்று நினைத்து மிசுஹோ மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, சொல்லிவிட்டேன்.

“இரோஹா பேரு எழுதின காயை நான்தான் தின்னேன். பாத்துட்டேதான் தின்னேன். மன்னிச்சிருங்க.”

மிசுஹோ மருந்து டப்பியை மூடிக் கீழே வைத்தாள்.

“உங்களுக்குப் போயி தலைகுனிஞ்சு நன்றி சொன்னேனே,” என்றாள். அவள் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

இரோஹாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் கிசுகிசுத்தாள்.

“அழாதீங்க மாமா. நீங்க தின்னுட்டீங்கன்னு அது நேத்தே சொல்லிச்சு. உங்க பேரைக் கேட்டுச்சு, சொல்லிட்டேன். இனிமே என்னைக் கூப்பிடாதாம்.”

பிள்ளை தப்பித்தாள். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது அதுவல்ல. ஏன் என் பெயரைச் சொன்னாய் என்றுதான் தோன்றியது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் எழிலன். இந்த ஊரில் யார் வாயிலும் அது நுழைந்ததில்லை. எரிரன் என்பார்கள், இரோஹாவும் அப்படித்தான்.

இன்று காலை பல் தேய்க்க நின்றேன். குழாயை இன்னும் திறக்கவில்லை. தொட்டியின் துளைக்குள் தண்ணீர் மேலேறி வருகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன்.

“எழிலன்,” என்றது, அம்மா கூப்பிடுகிற மாதிரியே.