அறுபத்தோராவது படிவம்

டேப்லெட்டின் கேச்சை அழித்ததும் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

ஷாலினி நிமிர்ந்து பார்த்தாள். ஜூலை மாதத்து மாலை நாலரை மணிக்கே தாராவியின் அந்தச் சந்தில் விளக்கு இல்லாமல் கை தெரியாது. இரண்டு பக்கமும் வீட்டின் மேல் வீடு, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வானம், அதிலும் பாதி ஒயர். தகரத்திலிருந்து சொட்டும் மழை, சாக்கடை, யாரோ வதக்கும் வெங்காயம், கீழ்ப் பட்டறையில் உருகும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே வாடையாகி, ஈரத்துணி போலக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் நேரம். கரண்ட் போகவில்லை. பட்டறையில் பல்பு எரிந்தது. பேராச்சி அக்காவின் மெஷின் மட்டும் பாதித் தையலில் நின்றிருந்தது.

"அக்கா?"

மெஷின் திரும்ப ஓடவில்லை. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மடியில் டேப்லெட் சுட்டது. சந்துகளை இடித்துக் கட்டுவதற்கு முன் வீடுகளைக் கணக்கெடுக்கும் கம்பெனி கொடுத்தது. மெமரியில் இடம் நிறைந்துவிட்டது என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுப் படிவங்கள் ஆறு மணிக்குள் கம்பெனி சர்வரில் ஏறியாக வேண்டும். ஏறினால் வேலை நிரந்தரம். குடும்பத்தில் முதல் பி.காம். அவள்தான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது, மழையில் அடுத்தவன் வாசற்படியில் உட்கார்ந்து குப்பை அழிக்கும் வேலை.

இடத்தைத் தின்பது மேல்வீட்டுப் படிவங்கள். மேல்வீடு என்றால் சுவரோடு நட்ட இரும்பு ஏணி, பிடித்து ஏற ஒரு முடிச்சுக் கயிறு, கயிற்றின் அடியில் கட்டிய பால் டப்பா. மேலேயிருந்து இழுத்தால் கீழே டப்பா அடிக்கும். சந்து முழுக்க அதுதான் காலிங் பெல். ஆப் கேட்கும் காகிதம் மேல்வீட்டுக்காரர்கள் யாரிடமும் கிடையாது. அதனால் அவர்கள் படிவம் எங்கும் ஏறாது. டேப்லெட்டிலேயே கிடக்கும்.

போன வாரம் பேராச்சி அக்கா முகம் கழுவி, பவுடர் போட்டு, மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"ஏ பிள்ள, புது வீட்டுக் கணக்குல எங்களயும் சேத்துக்கிடுவாவல்லா?"

"ஃபோட்டோ எடுத்தாச்சுல்லாக்கா. இனி நீங்க உள்ளதான்."

கேச்சோடு அந்த ஒரு படம் மட்டும் போய், இப்போது அது இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம்.

சூப்பர்வைசர் மாதவ் போன் செய்தான். கேச் அழித்தது போதாது, மேல்வீட்டு கச்ராவை, அந்தக் குப்பையை, மொத்தமாக அழி என்றான். எப்படியும் ஏறாதது என்றால் எதற்கு வீடு வீடாக ஏறிப் படம் எடுக்கச் சொன்னீர்கள் என்று ஷாலினி கேட்டாள். மாதவ் சிரித்தான். எடுக்காவிட்டால் மேல்வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டுக்குள் உன்னைச் சண்டையில்லாமல் விட்டிருப்பார்களா என்றான்.

ஷாலினி போனை வைத்தாள். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அழிக்கும் பட்டனைத் தொட்டாள். ஏறாத படிவங்கள் அறுபத்தொன்று நீக்கப்படும், திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று திரை கேட்டது. அவள் நோட்டில் அறுபதுதான். இந்த ஆப்பின் கணக்கு என்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது? சம்மதம் என்றாள்.

பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. குக்கர் ஒன்று பாதி விசிலில் நின்றது. இரண்டு வீடு தள்ளி மேலே அழுதுகொண்டிருந்த குழந்தை, மூச்சிழுக்கும் இடத்தில் நின்றது. ஒரு டிவி. ஒரு இருமல். உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்த கை. ஒவ்வொன்றாக. பட்டறை மெஷின் ஓடியது. கீழே எல்லாம் ஓடியது. மேலே ஒன்றுமில்லை.

ஷாலினி பேராச்சி அக்காவின் ஏணியில் ஏறினாள். ஒன்பதாவது படியில் கதவு இருக்க வேண்டும்.

சுவர். வெறும் சுவர்.

புதுப் பூச்சுகூட இல்லை. பத்து மழை கண்ட பாசி, புகைக்கரி, ஒரு பழைய ஒட்டடை. முடிச்சுக் கயிறு மட்டும் சிமெண்டிலிருந்து முடி முளைத்ததுபோல் வெளியே வந்து தொங்கியது.

கீழ்வீட்டு பிரம்மநாயகம் அண்ணாச்சி வாசலுக்கு வந்து, அங்கே என்ன செய்கிறாய் என்றார். மாதாமாதம் அந்த மேல்வீட்டுக்கு வாடகை வாங்கும் மனுஷன். பேராச்சி அக்கா எங்கே என்று கேட்டாள்.

"எந்தப் பேராச்சி? மேல ஏது பிள்ள வீடு? செவுருல்லா இருக்கு."

அவர் கண்ணில் பொய் இல்லை. அதுதான் அவளை ஏணியிலிருந்து வழுக்க வைத்தது.

தரையில் கால் பட்டபோது கணக்கில் கூடுதலாக இருந்த அந்த ஒன்று நினைவுக்கு வந்தது. பயிற்சியின் முதல் நாள். ஆப்பைப் பழக அவரவர் வீட்டையே எடுத்து வாருங்கள் என்று மாதவ் சொல்லியிருந்தான். அம்மா அடுப்பைத் துடைத்துவிட்டு, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரிக்கவா வேண்டாமா என்று கேட்டபடி நின்ற படம். நோட்டில் எழுதாத படிவம், அதுவும் ஒரு மேல்வீடு.

ஓடினாள். சந்தின் கோடி வரை ஏணிகள். எல்லாம் சுவரில் முடிந்தன. ஓடிக்கொண்டே போன் போட்டாள். நாலாவது மணியில் அம்மா எடுத்தாள்.

"ஏளா, எங்க இருக்க?" அம்மா சண்முகவடிவின் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "இங்க வாசலக் காணும்ளா. தடவித் தடவிப் பாக்கேன். சுத்திச் செவுருதான்."

"எம்மா, அங்கனயே இரு. நான் வந்துட்டேன்."

"கயிறு மட்டும் கையில இருக்கு. மூச்சு முட்டுதுளா..."

லைன் அறுந்தது.

வீட்டு ஏணியடியில் நின்றாள். மேலே நீலக் கதவு இல்லை. அம்மா காயப்போட்ட சேலை இல்லை. பாசி பிடித்த சுவர். டேப்லெட்டைத் தட்டினாள். அழித்ததைத் தேடினாள். திரும்பத் திரும்ப ஒரே வெள்ளைத் திரை: போதுமான இடம் இருக்கிறது. திரையின் அடியில் கீழ்வீட்டுப் படிவங்கள் ஏறிக்கொண்டிருந்தன. எண்பது சதவீதம். தொண்ணூறு.

அப்போது கயிறு அசைந்தது.

ஒரு முறை. டப்பா தரையில் மோதியது. இரண்டு. மூன்று. சாப்பிட வா என்று அம்மா தினமும் இழுக்கும் மாதிரி. பிறகு நிறுத்தாமல். ஷாலினி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தாள். சுவருக்குள்ளிருந்து அம்மாவின் எடை அதில் தொங்கியது.

பின்னால் ஒரு டப்பா. அதற்கப்பால் இன்னொன்று. பேராச்சி அக்காவுடையது. சந்தின் கோடி வரை, வெறுஞ்சுவர்களிலிருந்து தொங்கிய எல்லாக் கயிறுகளும் துள்ளிக்கொண்டிருந்தன.

கீழ்வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.