நடந்து போன கறை

கறை நடந்து போய்க்கொண்டிருந்தது.

பழைய ஊமைப் படங்களைக் கம்ப்யூட்டரில் துடைத்துப் புதுசாக்குவது அவளுடைய வேலை. பூஞ்சைக் கறை என்றால் ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இந்தச் சனியனோ, நூறு வருஷத்துக்கு முந்தைய கடைத்தெருவில், கூட்டத்தோடு கூட்டமாக, தொப்பி போட்ட ஒருத்தியின் கையோரமாக அவள் நடைக்கு ஈடுகொடுத்து வெள்ளையாக நகர்ந்தது. காலையிலிருந்து துடைக்கத் துடைக்க முளைத்தது.

முதலாளி போனில் கத்தினார். "ஒரு நிமிஷப் படத்துக்கு ஒரு வாரமா? சாயங்காலம் கைக்கு வரணும்."

"வந்துடும் சார்." பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்னால் சோபாவில் காய்ச்சலோடு படுத்திருந்த மகள் சிணுங்கினாள். "வீட்டுக்குப் போலாம்மா."

"இருடி செல்லம். இந்தச் சனியன் ஒழியட்டும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கறைக்குப் பக்கத்தில் தெரிந்த தெருமண்ணை நகலெடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாகக் கறையின்மேல் கையாலேயே பூசி அழித்தாள். சேமித்தாள். ஓட்டிப் பார்த்தாள்.

தொப்பிக்காரி நின்றுவிட்டாள்.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் நின்றதில்லை. இப்போது தன் வெறுங்கையைப் பார்த்தாள். குனிந்து கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தேடினாள். வாய் திறந்து மூடியது. யாரையோ கூப்பிடுகிற வாய்.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. ஐயோ, அது கறையே இல்லை. வெயிலில் வெளிறிப்போன வெள்ளைச் சட்டை. ஒரு பிள்ளை.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. மூலப் படத்தைத் திறந்தாள். அதிலும் வெறும் தெருமண்.

தொப்பிக்காரி நிமிர்ந்தாள். நேராகத் திரையை நோக்கி வந்தாள். முகம் பெரிதானது. இன்னும் பெரிதானது. இவளைப் பார்க்கவில்லை. இவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா, யாரோ கூப்பிடுறாங்க."

"யாரும் கூப்பிடல! பேசாம படு!"

படம் முடிந்து, தானாகவே முதலிலிருந்து ஓடியது. கடைத்தெரு. கூட்டம். தொப்பிக்காரி. நிம்மதியான நடை. கையில் ஒரு சின்னக் கை.

இவள் திரும்பினாள். சோபா காலி.

திரையில் இவள் மகள் திமிறினாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உதடுகள் ஒட்டின. பிரிந்தன.

அம்மா.

மறுபடியும். அம்மா.

சத்தமே வரவில்லை.