தொட்டிப் பலகைக் கட்டில்

கிழக்கே தலை வைத்துப் படுத்தவன் மேற்கே தலை வைத்துக் கிடந்தான்.

சவுரியம்மாள் கஞ்சிச் சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். உச்சிவேளை. ஆம்பூர்த் தெருவெல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருக்க, தாழ்ந்த கூரைக்குக் கீழே அந்த ஒற்றை அறை மட்டும் யாரோ தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாற்போல் இருண்டு, குளிர்ந்து, ஆவாரம்பட்டை நெடியோடு கிடந்தது. காலையில் ராக்காவல் முடிந்து வந்த புருசனுக்குக் கட்டிலில் பழம்புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். புடவைச் சுருள் வைத்த இடத்தில் இருந்தது. அதன்மேல் ரத்தினசாமியின் கால்கள் இருந்தன.

"இன்னாய்யா இது? தூக்கத்துல சுத்திக்கினியா?"

அவன் கண்ணைக் கசக்கினான். "நானா? அசையக்கூட இல்லம்மே. இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபூட்ச்சு."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் தொட்டிக்குள்ளிருந்து ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி அவன் முதுகின் பூட்டு விட்டுப்போயிருந்தது. இனிமேல் தூக்க மாட்டான் என்றானதும் மேஸ்திரி அப்துல் சமத் பாய்தான் முதலாளியிடம் சொல்லி, தோல் காயும் கொட்டகைக்கு இரவுக் காவலாக அவனை மாற்றினார். பகலில் தூங்க வேண்டியவன் பாயில் கிடந்து அனத்துவான். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தச் சத்தத்தைப் போலச் செய்து விளையாடும் அளவுக்கு அனத்துவான்.

கட்டில் வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஷாப்பில் பழைய மரத்தொட்டிகளைப் பிரித்துவிட்டு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். பிரித்த தேக்குப் பலகையில் ஆறை சமத் பாய் அவனுக்குக் கொடுத்தார். "உன் முதுகத் தின்ன மரம். நீயே வெச்சிக்கோ." பழைய மரத்தை வாங்கி முக்காலி, அலமாரி என்று செய்து விற்கும் தச்சன் கன்னியப்பன் அதைக் கட்டிலாக்கினான். இழைப்புளி ஓட ஓட ரத்தச் சிவப்பாய்ச் சுருள் விழுந்தது.

"முப்பது வருசம் பட்டைத்தண்ணி குடிச்ச மரம்க்கா. கறையான் மோந்து பாத்தா அதுவே தோலாப் பூடும்" என்றான் அவன். தெருவில் கட்டில் வந்த முதல் வீடு அதுதான். "சவுரி வூட்ல ஜமீன்தார் குடி வந்துட்டாரு, வாசல்ல செருப்ப கழட்டுங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாளும் தலை மாறிக் கிடந்தான். அதற்கு மறுநாள் குப்புறக் கிடந்தான். கட்டிலுக்கடியில் சாணம் மெழுகின தரை ஈரம் கோத்து நெகிழ்ந்திருந்தது. மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

அப்புறம் மயிர் உதிர்ந்தது. நெஞ்சு மயிர், கை மயிர், பாதி மீசை, எல்லாம் போர்வையில் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் வெளுத்து, தடித்து, கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி வழுக்கியது.

"அம்பட்டனுக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தான் ரத்தினசாமி.

அவள் சிரிக்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் நாலு நாள் ஊறிய தோலிலிருந்து மயிர் இப்படித்தான் கழலும். சுரண்டக்கூட வேண்டாம், விரல் பட்டாலே போதும்.

ஒரு வாரத்தில் வெளுப்பு மாறிச் சிவப்பேறியது. முதலில் பலகை படும் முதுகு, பிறகு விலா, பிறகு உள்ளங்கை. பட்டை இடிக்கும் கொட்டகையில் பதினான்கு வருஷம் வேலை செய்தவள் அவள். மணிக்கட்டுவரை அவள் கையிலும் அதே நிறம்தான். தன் கையை அவன் நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தாள். எது கை, எது நெஞ்சு என்று தெரியவில்லை.

மேஸ்திரியிடம் போனாள்.

"பாய், அந்தப் பலகை எந்தத் தொட்டிது?"

"எல்லாம் கலந்துதான். சுண்ணாம்பு ரெண்டு, பட்டை ரெண்டு, கடுக்கா ரெண்டு. ஏன், இன்னா பேஜாரு?"

"அதுல யாராச்சும் வுழுந்து கிழுந்து..."

"அரே, தொட்டில மனுசன் எவன் செத்தான்? மாட்டுத்தோல் தவிர ஒண்ணும் வுழுந்ததில்ல. போய் நிம்மதியா இரு."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆவி என்று சொல்லியிருந்தால் கோயிலுக்குப் போய் சாமியாரை அழைத்து வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்திருப்பாள். வெறும் பலகையை என்ன செய்வது?

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். காலை எட்டுக்கு ஒருமுறையும் பிற்பகல் மூன்றுக்கு ஒருமுறையும் ஷாப் மணி அடிக்கும். அடித்தவுடன் தொட்டிக்கு இரண்டு பேராக, தலைப்பக்கம் ஒருவர், வால்பக்கம் ஒருவர் பிடித்து, ஊறும் தோலைப் புரட்டிப் போட வேண்டும். புரட்டாவிட்டால் ஒருபக்கம் வேகாமல் நின்றுவிடும். ஷாப்பில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும்.

எட்டு மணி. ஆற்றுப் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது.

ரத்தினசாமியின் தோள்கள் பலகையை விட்டு எழும்பின. கால்களும் எழும்பின. நடுவில் உடம்பு தொட்டில் மாதிரி தொய்ந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம். யாரோ இரண்டு பேர் பாரம் தூக்குகிறபோது விடும் மூச்சு, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. உடம்பு அந்தரத்தில் திரும்பி, தலை மாறி, குப்புற இறங்கியது. தூக்கத்தில் அவன் சுகமாக முனகினான்.

அவள் கத்திக்கொண்டு பாய்ந்து அவனை இழுத்துத் தரையில் பாய்மேல் போட்டாள்.

போட்டதும் அவன் அலறிய அலறல் தெருக்கோடிவரை கேட்டது. இருபத்திரண்டு வருஷத்து வலியும் ஒரே மூச்சில் முதுகுக்குத் திரும்பி வந்திருந்தது. வாயில் நுரை தள்ளியது. விரலால் தரையைப் பிறாண்டினான்.

"சவுரி, உங்காலப் புடிக்கிறேன். மேல போடு. மேல போடும்மே!"

"வேணாய்யா, அது உன்ன..."

"தெரியும்டி! எனக்குத் தெரியாதா? நான் எத்தினி தோலு பொரட்னவன்! வலிக்கலடி அதுல. ஒண்ணுமே வலிக்கல."

உச்சிவரை பொறுத்தாள். அதற்குமேல் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. அவளே கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். உடனே அடங்கினான். அவனை ஒற்றை ஆளாகத் தூக்கினோமே என்பது வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

அதன்பின் அவன் எழுந்திருக்கவில்லை. காவலுக்கு வேறு ஆள் போனான். இரண்டாம் நாள் அறையில் பட்டை நெடி போய்க் கடுக்காயின் துவர்நெடி நிறைந்தது. நாக்கில் ஒட்டும் நெடி. கடுக்காய்த் தண்ணீருக்கு அப்புறம் தொட்டி கிடையாது. தோல் முடிந்தது என்று அர்த்தம்.

ஓடினாள். கன்னியப்பனை மாட்டுவண்டியோடு கூட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். கத்தட்டும். அலறட்டும். வேலூர் ஆஸ்பத்திரிவரை அலறிக்கொண்டே வரட்டும். உயிர் இருந்தால் போதும்.

உள்ளே போனாள். மூன்று மணி அடித்தது.

இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள்.

கனமில்லை. காய்ந்த போர்வையை உதறியதுபோல் கால்பக்கம் எழும்பி வந்தது. எலும்பு தட்டுப்படவில்லை. மெத்தென்று, எண்ணெய் போட்டுத் தேய்த்த பதத்தில், அவள் கைக்குள் கசங்கியது.

"யோவ்..."

அவன் முகம் கூரையைப் பார்த்திருந்தது. தட்டையாக. கண் மட்டும் அவளைத் தேடி நகர்ந்தது.

அப்போது தலைப்பக்கம் எழும்பியது.

அவள் தூக்கவில்லை.

இழுத்தாள். அந்தப் பக்கம் எதிர்த்து இழுக்கவில்லை. கூடவே வந்தது. ஈரக் காலடி ஒன்று. இன்னொன்று. முடிந்த தோலை மடிக்க இரண்டு பேர் எதிரெதிரே நடந்து வருவார்களே, அப்படி. அவசரமில்லாத, வேலை தெரிந்த நடை.

விட்டுவிடலாம். விட்டால் அவன் முழுசாக அதன் கைக்குப் போய்விடுவான்.

விடவில்லை.

நடுவில் அவன் மடிந்தான். முகம் வந்து பாதத்தின்மேல் படிந்தது. மடிப்புக்குள்ளிருந்து மெல்ல, சுகமாக, ஒரு மூச்சு வெளியேறியது.

"யக்கா," என்றான் கன்னியப்பன் வாசலிலிருந்து, "தூக்க இன்னொரு ஆள் வேணுமா?"

சொல்ல வாயெடுத்தாள். ஓரமும் ஓரமும் சேர்ந்த இடத்தில், ஊறிக் குளிர்ந்த விரல்கள் துழாவி, அவள் விரல்களைக் கண்டுபிடித்து, இறுகப் பற்றிக்கொண்டு, அடுத்த மடிப்புக்காகக் காத்திருந்தன.